"பழம்தானே" என்று கொடுத்துவிடாதீர்கள்

என் அத்தை மலேசியாவில் பீடோர் பக்கத் தோட்டத்தில் 30 வருசம் பால்மரம் சீவியவர். இனிப்பு நீர் முற்றிச் சிறுநீரகம் போய், இப்போது வாரம் 3 தடவை டயாலிசிஸ். போன வருசம் ஒரு நாள் வெயிலில் வாடி வந்தவருக்கு நான்தான் பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) ஜூஸ் அடித்துக் கொடுத்தேன். ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று லயத்துக் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அன்று இரவு விக்கல் பிடித்தது. விடியும்வரை நிற்கவில்லை. காலையில் என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் விக்கல் என்றதுமே டாக்டர் கேட்டது, "பெலிம்பிங் கொடுத்தீங்களா?" உடனே டயாலிசிஸ் போட்டார்கள். அத்தை பிழைத்துக்கொண்டார்.

அந்த நட்சத்திரப் பழத்தில் காரம்பாக்சின் என்றொரு நச்சு இருக்கிறது. 2013இல் பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டு வெளியிட்டார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். பழுதானவர்களுக்கு உடம்பில் தேங்கி மூளையைத் தாக்கும்: விக்கல், வாந்தி, புத்தித் தடுமாற்றம், வலிப்பு, உயிரே போவதும் உண்டு. சிறுநீரக நோயாளிக்கு ஒரு துண்டுகூட வேண்டாம்.

மற்றப் பழங்களில் பார்க்க வேண்டியது பொட்டாசியம். சிறுநீரகம் பழுதானால் அதுவும் உடம்பில் தேங்கிவிடும். ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கணும். எகிறினால் முன்கூட்டிச் சொல்லாமலே இதயம் நின்றுவிடலாம். ரோட்டோரக் கடைகளில் நாம் கூடை கூடையாக வாங்கும் கொய்யா, டுரியான், பலா எல்லாம் 100 கிராமுக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம். ஆப்பிள், அன்னாசியில் 110 அளவுதான். இளநீர் குளிர்ச்சி என்பார்கள். ஒரு காயில் வாழைப்பழத்தைவிட அதிகப் பொட்டாசியம்.

அதற்காக எல்லாப் பழத்தையும் நிறுத்துவதும் எனக்குச் சம்மதமில்லை. பயந்துபோன அத்தை 2 மாதம் பழத்தையே தொடவில்லை. மலச்சிக்கல் வந்தது, அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும் என்று உணவியல் நிபுணர் கண்டித்தார். இப்போது ஒரு நாள் அரை ஆப்பிள், மறுநாள் சின்னத் துண்டு அன்னாசி. நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்து, பொட்டாசியமும் சரியாக இருப்பவர்களுக்கு இந்தப் பொட்டாசியக் கட்டுப்பாடே தேவைப்படாமல் போகலாம். ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதுதான். போவதற்கு முன் அவர் வீட்டாரிடம் ஒரு போன் போட்டு, என்ன பழம் ஆகும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். டயாலிசிஸ் செய்பவருக்கு விக்கல் நிற்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். என்ன பழம் சாப்பிட்டார் என்பதை டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.