ஒன்பதாம் நம்பர் சட்டை யாருக்கு?

மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் காலை ஆறு மணிக்குப் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு அப்பா கேட்டார்: "சார், நம்ம நாட்டு கிளப்புல வெளிநாட்டுக்காரய்ங்கள ஆடவிடாம நிறுத்திட்டா நம்ம பயலுக மேல வந்துருவாய்ங்கள்ல?"

வரமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

2018-19-ல் இந்திய கிளப்புகள் மோதும் ஐ-லீக்கில், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி கோப்பையை வாங்கியதே, ஞாபகம் இருக்கா? அதன் வெளிநாட்டு ஃபார்வர்ட் பெட்ரோ மான்ஸி 21 கோல் அடித்தார், ஊரே அதைப் பேசியது. எனக்குப் பிடித்தது நடுக்களம். ஸ்பெயின்காரர்கள் சாண்ட்ரோவும் நெஸ்டரும் பந்தைச் சின்னச் சின்ன பாஸாக நகர்த்துவார்கள். கூடவே நம்ம எட்வின் வான்ஸ்பாலும் ரொமாரியோ ஜேசுராஜும். 2019-ல் எட்வின் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்பான சென்னையின் எஃப்சிக்குப் போனார், 2020-ல் ரொமாரியோ இன்னொரு ஐஎஸ்எல் கிளப்பான எஃப்சி கோவாவுக்கு. பக்கத்தில் நல்ல ஆட்டக்காரன் இருந்தால் கால் தானாகப் பழகும்.

இதை நேரிலும் பார்த்தேன். இங்கே ஒரு டோர்னமென்டில் எங்கள் பையன்கள் இரண்டு பேரை ஒரு டீம் எடுத்தது. நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த இருவர் கெஸ்ட் பிளேயர். நடுவில் ஆடியவர், நடுக்களத்தில் ஆடும் எங்கள் ஹாஃப் பையனுக்குப் பந்து வரும்முன் ஒவ்வொரு தடவையும் "லுக், லுக்" என்று கத்துவார். ரெண்டாவது மேட்சிலேயே பையன் தானாகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். இன்றைக்கும் பாஸ் வந்து சேர்வதற்குள் அவன் தலை ரெண்டு பக்கமும் ஒருமுறை போய்வரும்.

இன்னொருவன் ஃபார்வர்ட். அவன் இடத்தில் மற்ற நைஜீரியர் இறங்கினார், இவனை வலது விங்குக்குத் தள்ளினார்கள். முதல் மேட்சில் கையைத் தூக்கித் தூக்கிப் பந்து கேட்டான். ஃபைனலில் கேட்கவே இல்லை. என்னால் மறக்க முடியாதது அதுதான்.

ஐஎஸ்எல்லிலும் இதே கதைதான். 2014-ல் ஒரு அணிக்குக் களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம், 2017-18-ல் ஐந்து, 2021-22 முதல் நாலு. எண்ணிக்கை குறைந்ததே தவிர, பெரும்பாலான கிளப்புகள் கோல் அடிக்கும் இடத்தை இன்னமும் வெளியாளுக்குத்தான் கொடுக்கின்றன. 2015-ல் சென்னையின் எஃப்சியில் கொலம்பியாக்காரர் மென்டோசாவோடு சேர்ந்து முன்வரிசையில் ஆடித்தானே நம்ம ஃபார்வர்ட் ஜேஜே வளர்ந்தார்? அப்படி எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது? 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்ற ஃபார்வர்ட் சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில் நாற்பது வயதில் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. இத்தனை பெரிய நாட்டுக்கு இது வேதனை இல்லையா?

வெளிநாட்டவர் வரட்டும். நடுவில் ஆடட்டும், ஸ்டாப்பராக நிற்கட்டும், பக்கத்தில் இருப்பவனைத் திட்டியாவது திருத்தட்டும். முன்னால் ஒரு இடமாவது நம்ம பையனுக்கு என்று விதி போடுங்கள்.

அந்த விங் பையன் இப்போதும் காலையில் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் மேட்ச். கோல் அடிக்கும் ஃபார்வர்ட் போடும் ஒன்பதாம் நம்பர் சட்டையை அவனிடம் கொடுத்துவிட்டேன்.