பகலில் வகுப்பு, ராத்திரியில் டிகிரி: "ஓ, ஆன்லைனா?" என்று இழுப்பவர்களுக்கு

வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சராக வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் உடனே கேட்பார்: "ஓ, ஆன்லைனா?" அந்த இழுப்பில் இருக்கிற இளக்காரம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்படிப் படிப்பவர்கள் எத்தனையோ பேரைப் பக்கத்திலிருந்து பார்த்தவன், நானும் அப்படித்தான் படிக்கிறேன். அதனால் இதை எழுதியே ஆக வேண்டும்.

முதலில் கணக்கு. பிரிட்டனில் 1969-இல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஹானர்ஸ் இளங்கலைக்கு 360 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு ஏறக்குறைய 10 மணி நேரம் படிக்க வேண்டும். ஆக மொத்தம் 3,600 மணி நேரம். வேலையில் இருப்பவர்கள் வழக்கமாக வருடத்துக்கு 60 கிரெடிட் எடுப்பார்கள், அப்படியென்றால் ஆறு வருடம். முழுநேரம் படிக்கிறவர் மூன்று வருடத்தில் முடிப்பதும் இதே 360 கிரெடிட்தான். ஒருவர் வேறு கவலை இல்லாமல் படித்தார், இன்னொருவர் தினமும் தொண்டை வறள வகுப்பெடுத்துவிட்டு வந்து படித்தார். இதில் யாருடைய பட்டம் மட்டம்?

இது நேற்று முளைத்த குறுக்கு வழியும் இல்லை. லண்டன் பல்கலைக்கழகம் வெளி மாணவர்களுக்குத் தேர்வைத் திறந்துவிட்டது 1858-இல். நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே அஞ்சல் வழியில் படித்து, 1989-இல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை வாங்கினார். அதை யாரும் "ஓ, அஞ்சல் வழியா?" என்று கேட்பதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பாடம் நடத்துகிறவர் மொழியியலோ கல்வியியலோ படித்தால், வகுப்பறையில் உட்கார்ந்து அதையே படிக்கிறவருக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. என் வகுப்பில் ஒரு பையன். பரீட்சைத் தாளில் "ஷீ லைக்ஸ்" என்று பிசகாமல் எழுதுவான். வாயைத் திறந்தால் "ஷீ லைக்". திருத்தினால் தலையாட்டுவான், அடுத்த வாக்கியத்திலேயே அந்த எஸ் காணாமல் போய்விடும். அந்த வாரம் எனக்குப் படிக்க வந்த பகுதி, டூலே, பர்ட் என்ற இருவர் 1974-இல் வெளியிட்ட ஆய்வு. ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளும் சீனம் பேசும் பிள்ளைகளும் ஆங்கிலம் கற்கும்போது இலக்கணக் கூறுகள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வாயில் வந்து நிற்கின்றன என்று சொன்ன ஆய்வு அது. அந்த வரிசையில் இந்த எஸ் பின்னால்தான் வரும். அதாவது விதி தெரிந்திருப்பது வேறு, பேச்சில் அது தானாக வருவது வேறு. மறுநாள் அவன் பேசும்போது நான் குறுக்கே புகவில்லை. முழுசாகச் சொல்லி முடித்ததும், "ஓ, ஷீ லைக்ஸ் டாக்ஸ்?" என்று சரியான வடிவத்தில் திருப்பிக் கேட்டேன். பையன் அதுவரை பேசாத அளவுக்குப் பேசினான். எஸ் அன்றைக்கும் வரவில்லை, ஆனால் பேச்சு வந்தது. தாய்மொழியைப் பொறுத்து அந்த வரிசை மாறும் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதையும் அசைன்மென்டில் எழுதினேன், என் வகுப்பையே உதாரணமாக வைத்து. ராத்திரி படித்ததைக் காலையில் சோதித்துப் பார்க்கிற வசதி எந்தக் கேம்பஸில் இருக்கிறது?

அதனால் இந்த வேலையில் இருப்பவர்கள் தங்கள் வகுப்புக்கு ஒட்டிய படிப்பாக எடுங்கள் என்பேன். சம்பந்தமே இல்லாத பாடம் எடுத்தால் இரண்டு சுமை. ஒட்டியதாக இருந்தால் ஒன்றுக்கு ஒன்று தோள் கொடுக்கும்.

இனி அரசாங்கங்களின் விஷயம். தென்கொரியாவில் ஆங்கிலம் சொல்லித்தர வருகிறவர்களுக்கான இ-2 விசாவுக்குப் பொதுவாக இளங்கலைப் பட்டம் வேண்டும், கூடவே ஆங்கிலம் தாய்மொழி என்று அவர்கள் பட்டியலிட்ட ஏழு நாடுகளில் ஒன்றின் பாஸ்போர்ட்டும் வேண்டும். வெளிநாட்டவர்களைப் பள்ளிகளில் ஆங்கில வகுப்புக்கு உதவ அழைத்துக்கொள்ளும், ஜப்பானில் 1987 முதல் நடக்கும் ஜெட் திட்டத்துக்கும் பட்டம் அடிப்படைத் தகுதி. பாஸ்போர்ட்டை நம்மால் மாற்ற முடியாது. நம்மால் கூட்டிக்கொள்ள முடிந்தது படிப்பு ஒன்றுதான். அங்கேயும் கதவைச் சாத்தினால் எப்படி? சீனக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வெளிநாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கும் மையம், கொரோனா காலத்தில் தந்த சலுகையை நிறுத்துவதாகவும், அதன் பிறகும் ஆன்லைனிலேயே படிக்கும் வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சான்று தரப்போவதில்லை என்றும் 2023 ஜனவரியில் அறிவித்தது. என்ன படித்தார் என்று பார்க்காமல் எங்கே உட்கார்ந்து படித்தார் என்று பார்ப்பது அநியாயம். போலிப் பட்டங்களைத் தடுக்க வேண்டும்தான், மறுக்கவில்லை. அதற்குப் பல்கலைக்கழகத்தின் தரத்தையும் தேர்வு நடத்திய முறையையும் சோதிக்கலாமே.

பல்கலைக்கழகங்களும் இந்த மாணவர்களை நினைத்துப் பார்ப்பதில்லை. லண்டனில் சாயங்காலம் 7 மணிக்கு நேரலை செமினார் என்றால், கோடையில் டோக்கியோவிலும் சோலிலும் விடிகாலை 3 மணி. அக்டோபர் கடைசியில் பிரிட்டனில் கடிகாரத்தைத் திருப்பியதும் அது 4 மணி. எட்டரைக்கு முதல் வகுப்பு இருக்கிறவர் மூன்று மணிக்கு எழுந்து கேமராவுக்கு முன்னால் உட்கார வேண்டும், வராவிட்டால் பங்கேற்பு மதிப்பெண் போய்விடும். வீடியோ பதிவைக் கொடுங்கள், எழுத்தில் விவாதிக்க ஒரு வாரம் கொடுங்கள். உலகம் முழுக்க மாணவர்களைச் சேர்த்துக் கட்டணம் வாங்குகிறவர்களிடம் இதைக் கேட்பது பேராசை இல்லை.

சேரப் போகிறவர்களுக்கு: முதல் வருடம் பாதிச் சுமைக்கு மேல் எடுக்காதீர்கள். வகுப்பு முடிந்து வந்தபின் மிஞ்சுகிற மூளை, நோட்டு திருத்தவும் நாளைய லெசன் பிளான் எழுதவும்தான் போதும். கட்டுரை எழுதுகிற வேலையை விடுமுறை நாள் காலைக்கு வையுங்கள், வாசிப்பை மட்டும் ராத்திரிக்கு விடுங்கள். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தேர்வு வார விடுப்பைப் பற்றி எழுத்தில் பேசிவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால், அடுத்து எந்த நாட்டுக்குப் போக நினைக்கிறீர்களோ அந்த நாட்டின் விசா விதியைப் படித்துவிடுங்கள். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை கேட்பார்கள், அதாவது ஆவணம் உண்மையானதுதான் என்று வெளிநாடுகளுக்காக அரசாங்கம் போடும் சான்று. அதைத் தருவது பட்டம் கொடுத்த நாடு மட்டும்தான். சான்றிதழ் நீங்கள் வேலை பார்க்கும் ஊருக்குத் தபாலில் வந்துவிட்டால், முத்திரைக்காகப் பெரும்பாலும் திரும்ப அங்கேயே அனுப்ப வேண்டும், அசலைத் தபாலில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முத்திரை குத்தியே அனுப்பித் தருவீர்களா என்று சேரும்போதே பல்கலைக்கழகத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.