கோயிலை இடிக்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் ஊர்ச் சபையில்) பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள பழைய கத்தோலிக்க ஊர்க்காரர்களுக்கு இப்படிப்பட்ட பேச்சு பழக்கம்தான். இடிக்கவே கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

பூசை இல்லாத ஒரு மத்தியான நேரத்தில் உள்ளே போய் அந்த ஜன்னல்களை நிமிர்ந்து பாருங்கள். இரண்டு பக்கமும் வளைந்து ஏறி உச்சியில் கூராகச் சேர்கிறதே, அந்த வடிவத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அரைவட்ட வளைவு மேலே இருக்கும் பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். கூர்வளைவில் அந்தத் தள்ளல் குறைவு, பாரம் பெரும்பாலும் நேராகக் கீழே இறங்கிவிடும். மிச்சத்தை வெளியே நிற்கும் முட்டுச்சுவர் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் சுவரைத் திறந்து பெரிய பெரிய ஜன்னல் வைக்க முடிந்தது. பாரிஸுக்குப் பக்கத்தில் செயின்ட் டெனிஸ் மடத்துக் கோயிலின் பீடப் பகுதியை 1144-இல் இப்படிக் கட்டி முடித்தார்கள். கோதிக் பாணிக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். பல நூறு வருடம் கழித்து பிரெஞ்சு குருக்கள் அந்தப் பாணியை நம் பக்கம் கொண்டுவந்தார்கள். எங்களுடையது சின்னக் கோயில். விலா எலும்பு மாதிரி வளைத்துக் கல்லில் கட்டும் கூரை எல்லாம் கிடையாது, மேலே மரமும் ஓடும்தான். ஆனாலும் சாயங்கால வெயில் அந்த வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கித் தரையில் விழும்போது பீடம் வரைக்கும் சிவப்பும் நீலமுமாக இருக்கும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஞானஸ்நானம் அங்கேதான். என் பாட்டியின் அடக்கப் பூசையும் அங்கேதான் நடந்தது.

இடிக்கச் சொல்பவர்கள் முதலில் சொல்வது, சுவரெல்லாம் ஓதம் ஏறிப்போச்சு என்பது. உண்மைதான். ஆனால் அந்த ஓதம் எப்போது தொடங்கியது? முன்பு ஒருமுறை மராமத்து என்று சொல்லிச் சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினார்கள். அதற்கு மேல் பளபளவென்று பெயிண்ட். பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அது அதன் இயல்பு. சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் பூச்சு வழியாகவே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறுகிறது, உப்புப் பூக்கிறது, பூச்சு வெடித்துப் பாளம் பாளமாக விழுகிறது. சுவரைத் தட்டிப் பாருங்கள், பல இடங்களில் சிமெண்ட் சுவரை விட்டுப் பிரிந்து பொள்ளலாகச் சத்தம் கேட்கும். வியாதி சுவரிலேயே இல்லை, போட்ட மருந்தில் இருக்கிறது. சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசும் கொத்தனார்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். நாள் அதிகம் பிடிக்கும், கூலியும் அதிகம். அதை நான் மறுக்கவில்லை.

மழைக்கு ஒழுகுவது உடைந்த ஓடும் உளுத்துப்போன ரீப்பர் கட்டையும். அவற்றை மாற்றினால் போதும்.

அடுத்தது, திருவிழாவுக்கு இடம் போதவில்லை என்பது. செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்குக் காவி உடுத்திக்கொண்டு நம் பக்கத்திலிருந்து எத்தனை பேர் பெங்களூரு சிவாஜிநகர் கோயிலுக்குப் போகிறோம்! அதுவும் 1882-இல் அர்ச்சித்த கோதிக் கோயில்தான். அன்றைக்கு உள்ளே நுழையவே முடியாது, தெருவெல்லாம் ஜனம். அதற்காக அதை இடிப்பதை நினைத்துப் பார்க்க முடியுமா? எங்கள் கோயிலுக்குப் பின்னால் காலியிடம் கிடக்கிறது. அங்கே ஒரு திறந்த மண்டபம் போட்டால் திருவிழாக் கூட்டம் தாராளமாக உட்காரும். சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வரிசை காலியாகத்தான் இருக்கிறது.

பாரிஸ் நோத்ர்தாம் கோயில் 2019 ஏப்ரல் 15-இல் தீப்பிடித்துக் கூரை முழுக்க எரிந்து அதன் மேலிருந்த ஊசிக் கோபுரமும் சரிந்தபோது, புதுமாதிரியாக ஒரு கோபுரம் வைக்கலாம் என்று அங்கேயும் பேசினார்கள். கடைசியில் பழைய வடிவத்திலேயே, அதே ஓக் மரத்தில் கட்டி 2024 டிசம்பரில் திறந்தார்கள். அவ்வளவு எரிந்ததையே மீட்டிருக்கிறார்கள். எங்கள் கோயில் எரியவில்லை, நிற்கிறது. அந்தக் கல்லை உடைத்துச் செதுக்கிச் சுமந்து ஏற்றியவர்கள் நம் ஊர் ஆட்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் செய்த வேலை மட்டும்தான் இருக்கிறது, அதையும் ஜேசிபி விட்டு ஒரே நாளில் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

வருகிற பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஃபாதரிடம் இதைத்தான் கேட்கப்போகிறேன். புதுக் கோயிலுக்கு வாங்கியிருக்கும் மதிப்பீட்டோடு, சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து பழுது பார்ப்பதற்கான மதிப்பீட்டையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டையும் பூசை முடிந்ததும் மக்கள் முன்னால் வாசியுங்கள். அதுவரை கூரையில் ஒரு ஓட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். பங்கு மக்களில் யாருக்கு இதில் சம்மதமோ, அன்றைக்குக் கூட வந்து உட்காருங்கள்.