செம்புப் பட்டை ஒட்டாது

"செம்பு சீக்கிரம் உருகும், வெல்டிங்குக்கு அடியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், சாதாரண இரும்புப் பட்டையே போதும்" என்று ஒரு அண்ணை எழுதியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டுக்குச் சரிவராது. பட்டை என்றால், உருகிய உலோகம் கீழே வழியாமல் ஒட்டின் அடியில் தாங்கலாக வைப்பது. செம்பு 1085 பாகை செல்சியஸில் உருகுவது உண்மைதான். ஆனால் அது சூட்டை உடனே இழுத்துக் கடத்திவிடும். பட்டை தடிப்பாக இருந்தால் அந்தச் சூட்டுக்கே போகாது. ஆர்க் (வெல்டிங்கின் மின்சுடர்) மட்டும் நேரே அதில் படக்கூடாது. பட்டால் செம்பு ஒட்டுக்குள் புகுந்து வெடிப்பு வரலாம். உருகிச் சேர்ந்துவிடுவது இரும்புப் பட்டைதான். கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரை மாடியில் நிற்கும் தொட்டி என்றால், இரும்பு சேர்ந்த அந்த இடத்தில்தான் துரு பிடிக்கும்.

அப்புறம், ஒட்டின் பின்பக்கத்தில் காற்றுப் படாமலிருக்க ஆர்கன் வாயுவும் வேண்டும். பட்டையில் பள்ளம் வெட்டி, சிறு துளைகள் வழியே மெதுவாக விடுங்கள். இல்லாவிட்டால் ஒட்டின் அடி கறுத்து, சீனிக்கட்டி மாதிரிப் பொருபொருத்துப்போகும். அதற்குமேல் எவ்வளவு பொலிஷ் போட்டாலும் அரிப்பு நிற்காது.