ஃபாதர் மேத்யூவுக்கு ஒரு ஹெர்பேரியம் ஷீட்

ஃபாதர் கே. எம். மேத்யூ 2004இல் மறைந்தார். நினைவுநாள் வந்தால் படம் போடுகிறோம், 'மாபெரும் தாவரவியலாளர்' என்று நாலு வரி எழுதுகிறோம், கொடைக்கானலில் யாராவது ஒரு கூட்டம் போடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அவரை ஒரு வாத்தியாராக நினைப்பது குறைந்துகொண்டே வருகிறது. அது எனக்குப் பெரிய வருத்தம். அதைப் பற்றித்தான் இந்த நீண்ட பதிவு.

அவரைத் தெரியாத பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேசு சபைக் குரு. 1930இல் பிறந்தவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ஒரு ஹெர்பேரியம், அதாவது காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டி, விவரம் எழுதிச் சேமிக்கும் இடம், தொடங்கினார். தனக்கு முன்னால் அதே கல்லூரியில் செடி தேடி அலைந்த ஃபாதர் ராபினாட்டின் பெயரை அதற்கு வைத்தார். பிறகு நம் பழனி மலையில், கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில், ஓர் இயற்கை வரலாற்று நிலையம் உருவாக்கினார். அதற்கு ஃபாதர் ஆங்லேட் பெயர். ஆங்லேட் யாரென்றால், பழனி மலைச் செடிகளை வண்ணத்தில் வரைந்து வைத்த பிரெஞ்சுக் குரு. இந்த மலையில் இருக்கும் கல்திட்டைகளைப் பற்றி இன்னொரு குருவோடு சேர்ந்து அவர் எழுதிய அறிக்கையைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி 1895இல் வந்தது. அங்கே குருத்துவம் படிக்க வந்தவர்களுக்கு வேதம் ஒரு பாடம் என்றால் காடு இன்னொரு பாடம். அந்த வரிசையில் வந்தவர் மேத்யூ.

கவனித்தீர்களா? அவர் எழுப்பியவை இரண்டு. இரண்டிலும் அவர் பெயர் இல்லை, முன்னோர் பெயர்தான் இருக்கிறது. பெயரை வைத்ததோடும் விடவில்லை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய மூன்று தொகுதி நூல் 1999இல் வந்தபோது அவருக்கு எழுபதை நெருங்கும் வயது. ஆசானை நினைப்பது எப்படி என்பதை அவரே செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நாம் ஃப்ளெக்ஸ் அடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அவரை வாத்தியார் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கனமான ஆராய்ச்சி நூல்களுக்கு நடுவில், 1991இல், மத்திய தமிழ்நாட்டுச் செடிகளுக்கென்று மாணவர்கள் வெளியே கொண்டுபோகும்படி ஒரே தொகுதியாகவும் ஒரு நூல் செய்தார். பெரிய ஆராய்ச்சியாளர்கள் பலர் இந்த மாதிரி வேலைக்கு இறங்கி வருவதில்லை. அதில் முக்கியமான பகுதி 'கீ'. ஒவ்வொரு படியிலும் இரண்டு வாக்கியம் இருக்கும். இலை எதிரெதிரே இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா? இதழ்கள் ஒட்டியிருக்கின்றனவா, தனித்தனியா? சூலகம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? கையில் செடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனால் பெயரில் போய் நிற்கும். 'சார் சொன்னார், அதனால் இது இந்தச் செடி' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பதில் சொல்வது செடி. அந்தச் செடியைக் காயவைத்து ஒட்டி வைத்துவிட்டால், ஐம்பது வருஷம் கழித்து ஒரு சின்னப் பெண் அதை எடுத்துப் பார்த்து, 'பெரியவர் வைத்த பெயர் தவறு' என்று திருத்தி, பக்கத்திலேயே சின்னச் சீட்டு ஒட்டலாம். தன்னைத் திருத்துகிற வாய்ப்பை மாணவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிற படிப்பு இது. காட்டுப் பூக்களைக் கவனிக்கச் சொன்ன இயேசுவின் சீடருக்குப் பொருத்தமான படிப்பு.

ஆனால் இன்று பல கல்லூரிகளில் ஹெர்பேரியம் ஷீட் என்பது மதிப்பெண்ணுக்குச் சமர்ப்பிக்கிற சடங்கு. ஒட்டித் தயாராக இருப்பதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அல்லது சீனியர் ஷீட்டின் லேபிளை மாற்றுகிறார்கள். பளபளவென்று லேமினேஷன் வேறு போடுகிறார்கள். லேமினேட் செய்த செடியைப் பிறகு யாரும் பிரித்துப் பார்க்க முடியாது. மகரந்தத் தாள்களை எண்ண முடியாது, மயிர் இருக்கிறதா என்று லென்ஸ் வைக்க முடியாது. அது வெறும் படம்.

ஆகவே, அவரை நினைக்க விரும்பும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒரு ஷீட்டை ஒழுங்காகச் செய்யுங்கள். நம் மலைக்கு ஏற்றபடி எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். சமவெளிக்காரர்கள் எழுதிய குறிப்பை அப்படியே பின்பற்றினால் இங்கே பூசணம்தான் மிஞ்சும்.

முதலில், எதை எடுப்பது. பூவோ காயோ இல்லாத கொம்பு பெரும்பாலும் வீண். சின்னச் செடி என்றால் வேரோடு. மரம் என்றால் பூவும் இலையும் உள்ள ஒரு முழக் கொம்பு. பெரணி என்றால் கிழங்கோடு, இலையின் அடியில் வித்துப் பொட்டுகள் இருக்கும் இலையாகப் பார்த்து. புல் நீளமாக இருந்தால் வெட்டவேண்டாம், V அல்லது N வடிவில் மடிக்கலாம். ஒரே செடியிலிருந்து மூன்று நான்கு கொம்பு எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே எண். பத்தடி தள்ளி இருக்கும் இன்னொரு மரத்துக்கு வேறு எண். இந்த எண் உங்கள் ஆயுசுக்கும் ஒரே தொடர். ஒவ்வொரு வருஷமும் 1 என்று மறுபடி தொடங்கினால் பத்து வருஷத்தில் உங்கள் நோட்டே உங்களுக்குப் புரியாது.

சுற்றிலும் இருபது செடிக்குக் குறைவாகத் தெரிந்தால் கை வைக்காதீர்கள், போட்டோ போதும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஒரு இலை பறிக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். பாம்பார் சோலை மாதிரியான இடங்களில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடிகள் சில கைப்பிடி அளவே இருக்கின்றன. பழகுவதற்கு அவை வேண்டாம். ரோட்டோரமும் சொந்தத் தோட்டமும் தாராளம்.

செடியை அழுத்திக் காயவைக்கும் ப்ரெஸ் என்பது இரண்டு மரச்சட்டம், இரண்டு வார். 45க்கு 30 சென்டிமீட்டர் சட்டம் போதும், ஊர் ஆசாரியே செய்து தருவார். உள்ளே நாளிதழ் தாள். வழவழப்பான பத்திரிகைத் தாள் ஈரம் இழுக்காது. நாளிதழ் மடிப்புக்குள் செடி, அதன் இருபுறமும் ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர், நடுநடுவே நெளி அட்டை. நெளி அட்டையின் குழல்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கவேண்டும். காற்று போகிற வழி அதுதான். ஒன்று குறுக்கும் ஒன்று நெடுக்குமாக வைத்துவிட்டால் நடுவில் இருக்கும் செடிகள் வெந்து கறுத்துவிடும்.

இருபத்து நான்கு மணி நேரத்தில் முதல் முறை பிரித்துத் தாளை மாற்றவேண்டும். இந்த முதல் பிரிப்பைத் தவறவிடக்கூடாது. அப்போது இலைகள் துவண்டு, சொன்னபடி கேட்கும். ஓர் இலையாவது அடிப்பக்கம் தெரியும்படித் திருப்புங்கள். நரம்பும் மயிரும் அங்கேதான். ஒரு பூவைப் பிரித்து உள்ளே தெரியும்படி வையுங்கள். மறுநாளைக்கு விட்டால் விறைத்துவிடும், திருப்பினால் ஒடியும். செடி காயக் காயச் சுருங்கும், அதனால் தினமும் வாரை இறுக்கவேண்டும். இறுக்காவிட்டால் இலை சுருக்கம் விழும்.

இனி நம் ஊர்ப் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் வெறும் தாளை நம்பினால் காயாது. வெளியே இழுத்த ஈரத்தைத் தாள் காற்றிலிருந்து திரும்பக் குடித்துவிடும். சூடு வேண்டும். ஒரு தகரப் பெட்டியின் அடியில் 100 வாட் குண்டு பல்பு இரண்டு, ஓர் அடிக்கு மேல் கம்பி வலை, அதன்மேல் ப்ரெஸ்ஸைப் படுக்கவைக்காமல் குழல்கள் மேலும் கீழுமாக இருக்கும்படி நிறுத்தவேண்டும். எல்இடி பல்பு போட்டால் சூடு வராது. இந்தத் தவறு இப்போது நிறைய நடக்கிறது. 45 டிகிரி சுமாராக இருக்கட்டும். 60ஐத் தாண்டினால் இலை பழுத்து, தொட்டால் நொறுங்கும். இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். காய்ந்ததா என்று பார்க்க இலையைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. பெட்டியை விட்டுவிட்டு வெளியே போகவேண்டாம், காகிதமும் சூடும் ஒரே இடத்தில் இருக்கிறது.

வட்டக்கானல் பக்க ஓடைகளில் பூக்கும் காட்டுத் தும்பை வகைகள், அதாவது காசித்தும்பையின் உறவுக்காரச் செடிகள், இருப்பதிலேயே கடினம். தண்டெல்லாம் தண்ணீர். பூ ஜவ்வு மாதிரி தாளோடு ஒட்டிக்கொள்ளும், காய்ந்தபிறகு எடுத்தால் வடிவமே இருக்காது. அவற்றுக்கு ஒரே வழி, பறித்த இடத்திலேயே இரண்டு பூவைப் பிரித்து, இதழ் இதழாக மெல்லிய டிஷ்யூ தாளில் பரப்பி, அந்தத் தாளோடு சேர்த்தே அழுத்துவது. டிஷ்யூவைக் கடைசிவரை மாற்றக்கூடாது, வெளித்தாளை மட்டும் மாற்றவேண்டும். இன்னும் இரண்டு பூவைச் சின்னக் குப்பியில் சாராயக் கரைசலில் போட்டு அதே எண்ணைப் பென்சிலில் எழுதி உள்ளேயே போட்டுவிடலாம். ஆர்க்கிட் கிழங்குகளும் சதைப்பற்றுச் செடிகளும் ப்ரெஸ்ஸுக்குள்ளேயே உயிரோடு இருந்து வளரும். பூவைத் தவிர மற்றதைக் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்தால் அடங்கும்.

லேபிளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது அத்தனையும் வீண். கீழ் வலது மூலையில் ஒட்டுவது. 'கொடைக்கானல்' என்று எழுதினால் போதாது. இந்த மலை அடிவாரத்தில் புளியமரம், மேலே 2,000 மீட்டரைத் தாண்டினால் புல்வெளி. 'கொடைக்கானல்' என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். உதாரணத்துக்கு, பூம்பாறை ஊரிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர், என்ன உயரம், சோலையா புல்வெளியா ரோட்டோரமா, தேதி, மரம் எவ்வளவு உயரம், ஊரில் என்ன பெயர் சொல்கிறார்கள், யார் எடுத்தது, என்ன எண். எல்லாவற்றுக்கும் மேலாகப் பூவின் நிறம். குறிஞ்சியின் நீலம் ப்ரெஸ்ஸுக்குள் நிற்காது. காய்ந்தபின் மங்கி நிற்கும் அந்தப் பூ என்ன நிறத்தில் இருந்தது என்பதற்கு உங்கள் எழுத்து மட்டுமே சாட்சி. பால்பாயின்ட் மை மங்கும், ஈரம் பட்டால் பரவும். காட்டில் பென்சில், ஷீட்டில் இந்தியன் இங்க்.

இந்தத் தேதியும் இடமும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபாதரின் வேலையே சான்று. கொடைக்கானலுக்கு வெளியிலிருந்து வந்த செடிகளைப் பற்றி அவர் எழுதியது 1969இல் அச்சானது. சீகை என்று நாம் சொல்லும் வாட்டில், தைலமரம், பைன், தோட்டத்து அழகுச் செடியாக வந்து வேலி தாண்டியவை என்று இன்று நாம் பேசுகிற எல்லாவற்றுக்கும், எது எப்போது எங்கே இருந்தது என்று கேட்டால் தேதி போட்ட ஷீட்தான் பதில். லேபிள் இல்லாத ஷீட் வெறும் சருகு.

ஒட்டுவதில் ஒன்றிரண்டு. தாள் 42க்கு 28 சென்டிமீட்டர், கனமாக, அமிலம் இல்லாததாக. சார்ட் பேப்பர் பழுப்பேறும். செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருஷத்தில் டேப் உதிர்ந்து, மஞ்சள் கறை மட்டும் நிற்கும். மெல்லிய காகிதப் பட்டைகளால் ஒட்டுங்கள், தடித்த தண்டை நூலால் தையுங்கள். உதிர்ந்த விதைக்கும் பூவுக்கும் ஒரு சின்னக் கவர் மடித்து மூலையில் ஒட்டுங்கள். எல்லாச் செடியையும் நட்டநடுவில் ஒட்டினால் அடுக்கும்போது நடுவில் மேடு கட்டும், கீழே இருப்பவை ஒடியும். ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் தள்ளி ஒட்டலாம்.

பூச்சிக்கு அந்துருண்டை மட்டும் காவல் ஆகாது. புகையிலை வண்டு முட்டை உள்ளே இருந்தால் அது பொரிந்தே தீரும். ஷீட்டைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். உடனே திறந்தால் செடிமேல் பனி பூத்து, பட்ட பாடெல்லாம் பூசணத்துக்குப் போகும். பழைய முறையில் மெர்குரிக் குளோரைடு கரைசலில் நனைப்பார்கள். கடும் விஷம். மாணவர்களுக்கு அது வேண்டாம். கல்லூரி அலமாரிகளில் இருக்கும் பழைய ஷீட்டுகளைத் தொடுகிறவர்களும் கையுறை போட்டுத் தொடுங்கள், தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

நினைவுக் கூட்டம் நடத்துகிற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேடயம், பொன்னாடைக்கு ஒதுக்கும் தொகையில் இந்த மலையில் இருக்கும் ஒரு பள்ளிக்கு நாலு ப்ரெஸ், ஒரு உலர்த்தும் பெட்டி, ஒரு டஜன் பத்து மடங்கு லென்ஸ் வாங்கிக் கொடுங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மன்னவனூர்ப் பிள்ளைகளுக்குச் செடி தெரியும். எந்தப் பழம் தின்னலாம், எது மாட்டுக்கு ஆகாது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களிடம் இல்லாதது காகிதமும் லேபிளும்தான்.

தொடங்குவதற்குத் தை, மாசி நல்ல காலம். பனிமூட்டம் குறைந்து காற்று காய்ந்திருக்கும். முதல் பத்து ஷீட்டுக்குக் களைச்செடிகளே போதும், பஞ்சமில்லை, கெட்டுப்போனாலும் நஷ்டமில்லை. கை பழகியபின் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று பள்ளி அலமாரிக்கு. நன்றாக வந்த இன்னொன்றைத் திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி அனுப்புங்கள்.