பினாங்குப் பாலத்தின் இடைவெளி விரிசல் அல்ல

"1985இல் திறந்த பாலம், தளம் பிளந்துவிட்டது, லாரி போனால் ஆடுகிறது" என்று ஒரு படம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகிறது. ஆண்டு சரி. ஆனால் அந்த இடைவெளி, கட்டும்போதே விட்ட விரிவு இணைப்பு. வெயிலில் கான்கிரீட் நீளும். நீள இடமில்லாவிட்டால்தான் ஆபத்து. லேசான அதிர்வும் இயல்பே.

பொறியாளர்கள் வயதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. விரிசல் வளர்கிறதா, துருக்கறை வழிகிறதா, தளத்தைத் தூண்மேல் தாங்கும் தாங்கிகள் நகர்ந்தனவா, தூணடியில் மண் அரிக்கிறதா என்று பார்ப்பார்கள். கடல் பாலத்துக்கு உப்புதான் பெரிய எதிரி. அது கான்கிரீட்டுக்குள் இறங்கி, உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் தின்பது வெளியே தெரியவே நாளாகும். அதனால் ஒரு படத்தை வைத்துப் பாலத்தின் நிலையைச் சொல்ல முடியாது. எதிர்க்கரையில் உள்ள பிறை நகரிலிருந்து தினமும் பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தயவுசெய்து பயமுறுத்தாதீர்கள். கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தால், இடத்தைக் குறித்துப் பாலத்தைப் பராமரிப்பவர்களிடம் சொல்லுங்கள்.