ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புற கையை ஒடிக்கணும்

படம் அனுப்புறதுல நம்மாளுங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது. விடிஞ்சு பசியாறுறதுக்கு முன்னாடியே வாட்சப் குடும்பக் குழுவுல ரோஜாப்பூ வந்துடும், வேல் வந்துடும், ஆவி பறக்குற காப்பி வந்துடும், அது மேல "இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்"னு மஞ்சள் எழுத்து வந்துடும். அது கிடக்கட்டும். அதுக்கு நான் எப்பவோ பழகிட்டேன். என் வயித்தெரிச்சல் வேற. நெசமான படம் இருக்கே, நம்ம வீட்டு ஆளுங்க இருக்குற படம், கோவில் படம், நல்லது கெட்டதுல எடுத்த படம், அதை இவங்க படுத்துற பாட்டைத்தான் என்னால தாங்க முடியல.

தைப்பூசத்தையே எடுத்துக்குங்க. பினாங்குல தைப்பூசம்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? முந்தின நாள் காலையிலேயே வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டுலேருந்து தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக் கிளம்பிடும். 2017லேருந்து தங்க ரதமும் ஓடுது. வழி நெடுக ரோட்டோரம் தேங்காயைக் குவிச்சு வச்சுக்கிட்டுத் தமிழன், சீனன்னு இல்லாம எல்லாரும் காத்துக்கிட்டு நிப்பாங்க. ரதம் வர்றதுக்கு முன்னாடி உடைக்க ஆரம்பிச்சா ரோடே வெள்ளையாயிடும். எங்க அண்ணன் மகன் அந்தக் கூட்டத்துல இடிபட்டு நின்னு ஒரு படம் எடுத்தான். தேங்காய் தரையில பட்டுச் சிதறுது, தண்ணி அந்தரத்துல நிக்குது, பின்னாடி ரதம், மேல விளக்கு. பார்த்தா தேங்காய்த் தண்ணி நம்ம மூஞ்சியில தெறிக்கும் போல இருந்துச்சு. ஆசையா குழுவுல போட்டான்.

எங்க அத்தை அதைத் திறந்தாங்க. பார்த்தாங்க. பிடிச்சுப் போச்சு. சேமிக்கணும்னு ஒரு பொத்தான் இருக்கு, அப்படியே அடுத்தவங்களுக்குத் தள்ளிவிட இன்னொண்ணு இருக்கு. ரெண்டையும் விட்டுட்டு ஹேண்ட்போனோட பக்கவாட்டுல ரெண்டு பட்டனை அமுக்கி ஒரு ஸ்கிரீன்ஷாட். மேல மணி, லைன் எத்தனை கோடு, பேட்டரி 37 சதவீதம். கீழ கறுப்புப் பட்டை. நடுவுல பாவம் முருகன். இது அத்தையோட கோவில் குழுவுக்குப் போச்சு. அங்க ஒரு புண்ணியவான் பேட்டரி தெரியுதேன்னு மேல வெட்டியிருக்கார், வெட்டுனதுல ரதத்தோட கலசமும் சேர்ந்து போச்சு. அது இன்னும் எங்கெங்கயோ சுத்தி, சாயந்தரம் எங்க குடும்பக் குழுவுக்கே திரும்பி வருது. கீழ என்ன எழுதியிருக்கு தெரியுமா? "அருமையான படம், எடுத்த கைகளுக்கு நன்றி, யாரோ தெரியவில்லை." எடுத்த பையன் அதே குழுவுலதான் உட்கார்ந்திருக்கான்!

அத்தைகிட்டக் கேட்டா, "எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா"ங்கிறாங்க. பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, அப்பம் பாலிக் வாங்கிட்டு க்யூஆர் ஸ்கேன் பண்ணி காசு கட்டத் தெரியுது. ஆன்லைன்ல சேலை வாங்கி, கலர் சரியில்லன்னு திருப்பி அனுப்பத் தெரியுது. படத்தைச் சேமிக்க மட்டும் தெரியாதாம். (அத்தை இதைப் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துலதான் எழுதுறேன். யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிடாதீங்க.)

இதுல என்ன பெரிய நஷ்டம், படம் தெரியுதுல்லன்னு கேக்குறவங்களுக்காகக் கணக்கு சொல்றேன். அண்ணன் மகன் போன் எடுத்த படம் 4032க்கு 3024 பிக்சல். அதாவது 12 மில்லியன் புள்ளி. வாட்சப்ல எதையும் மாத்தாம சும்மா அனுப்பினா நீளப் பக்கம் கிட்டத்தட்ட 1600க்குச் சுருங்கிடும். 1600க்கு 1200ன்னு வச்சுக்கிட்டா 2 மில்லியன்கூட இல்ல. அதை 1080 பிக்சல் அகலமுள்ள திரையில, போனை நிமித்திப் பிடிச்சபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்தா, படம் இருக்குற பகுதி வெறும் 1080க்கு 810. 9 லட்சத்துக்கும் கம்மி. பன்னெண்டுல ஒரு பங்குகூடத் தேறல.

அதோட முடிஞ்சுதா? இல்ல. நாம அனுப்புற படம் முக்கால்வாசி ஜேபெக் முறையில சுருக்கினது. 1992ல வந்த தரம் அது. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமா பிரிச்சு, மனுஷக் கண்ணு அவ்வளவா கவனிக்காத விவரத்தை, முக்கியமா நிற வித்தியாசத்தை, கழிச்சுக் கட்டிடும். ஒரு தடவைன்னா யாருக்கும் தெரியாது, அது கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனா ஒவ்வொரு தடவை வெட்டி, ஒட்டி, மறுபடி சேமிச்சு அனுப்பும்போதும் மறுபடி கழிக்கும். தேயிலைச் சக்கையிலேயே திரும்பத் திரும்பச் சுடுதண்ணி ஊத்திக் குடிக்கிற கதை. நாலஞ்சு கை மாறுனதும் சாமி முகத்துல கட்டம் கட்டமா தெரியுது, காவடி மயில் இறகெல்லாம் பச்சைக் கஞ்சியா வழியுது. கழிஞ்ச விவரம் திரும்பி வராது. எந்தக் கடையில கொடுத்தாலும் வராது.

தேதியும் போயிடுது, அதை யாரும் கவனிக்கிறதே இல்ல. போன்ல எடுத்த படத்துக்குள்ளேயே எப்ப எடுத்தது, எந்தப் போனுன்னு குறிப்பு இருக்கும். குழுவுல படமா அனுப்பினா அந்தக் குறிப்பு கழண்டுடும். அதனாலதான் எங்க சித்தப்பா கல்யாணப் படம் என் போன்ல போன வாரம் சாப்பிட்ட நாசி கண்டார் படத்துக்குப் பக்கத்துல நிக்குது. எந்த வருஷம், யார் யார் நிக்கிறாங்கன்னு கேட்டா ஆளுக்கொரு பதில்.

இளசுங்க ஒண்ணும் சளைச்சவங்க இல்ல. ஒரே நிலையில நின்னு எடுத்த இருவது படத்தையும் ஒண்ணுகூடக் கழிக்காம குழுவுல கொட்டுவாங்க. பெரியவங்க போன் மெமரி ஃபுல்னு கத்தும். அவங்க என்ன பண்ணுவாங்க? ரோஜாப்பூவையும் பேரனையும் ஒண்ணா தேர்ந்தெடுத்து மொத்தமா அழிப்பாங்க. இன்னொரு கூத்து, 2021ல வந்த அந்த ஒரே தடவை பார்க்குற வசதி. தங்கச்சி ஒருத்தி பொறந்த குழந்தை படத்தை அப்படி அனுப்பியிருக்கா, யாரும் வெளிய பரப்பக் கூடாதாம். பாட்டி திறந்தாங்க, மங்கலா தெரிஞ்சுது, கண்ணாடியைத் தேடப் போனாங்க, கை எங்கயோ பட்டுடுச்சு, படம் போச்சு. கொள்ளுப் பேத்தி மூஞ்சியைப் பார்க்கப் பாட்டிக்கு ஒரே ஒரு வாய்ப்புதானா? உனக்கு மனசாட்சி இருக்கா?

சரி, இதெல்லாம் சிரிச்சுட்டுப் போகலாம். எங்க பெரியம்மா இறந்தப்பதான் எனக்கு ரத்தம் கொதிச்சுது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேணும். 12க்கு 18 அங்குலம், சட்டம் போட்டு மாலை போடணும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு ஸ்டூடியோக்காரர்கிட்டப் போனேன். "ஒரிஜினல் இருக்கா தம்பி?"ன்னார். அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தா அச்சு கண்ணாடி மாதிரி வரும், சுவத்துல மாட்டுறதுதானே, 200 இருந்தாலும் ஒப்பேத்திடலாம்னார். அப்படின்னா 2400க்கு 3600 வேணும். குழுவுல கேட்டேன். கொட்டோ கொட்டுன்னு கொட்டுனாங்க. எல்லாம் ஒரே படம். பிறையில நடந்த ஒரு கல்யாணத்துல பத்துப் பேர் வரிசையா நின்னு எடுத்தது. அத்தைகிட்ட இருக்கு, மாமாகிட்ட இருக்கு, கோலாலம்பூர்ல இருக்குற அக்காகிட்ட இருக்கு, எல்லார்கிட்டயும் அதே சுருங்குன படம். 1600 பிக்சல் அகலத்துல பத்துப் பேர் நின்னா ஆளுக்கு 160. அதுல முகம் எவ்வளவு? அதை 12 அங்குலத்துக்கு இழுத்தா பெரியம்மாவா தெரிவாங்க? எடுத்தது யாருன்னு துழாவிக் கண்டுபிடிச்சா, அந்த அண்ணன் சொல்றார், "அந்தப் போனை எப்பவோ மாத்திட்டேனே, குழுவுலதான் போட்டேனே, யாரும் வச்சுக்கலையா?" யாரும் வச்சுக்கல. எல்லாரும் பரப்புனாங்க, இதயம் போட்டாங்க, கைகூப்புனாங்க. ஒருத்தர்கூட வச்சுக்கல.

அப்பதான் நம்ம வீட்டு விஞ்ஞானி ஒருத்தன் கிளம்பினான். "மாமா, ஏஐல போட்டா தெளிவாயிடும்." போட்டான். தெளிவாதான் வந்துச்சு. தோல் பளபளன்னு, கண்ணு ரெண்டும் சினிமா நடிகை மாதிரி. பல்வரிசை முத்து முத்தா. எங்க பெரியம்மாவுக்கு முன் பல் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும், அதனாலேயே சிரிக்கும்போது கையை வாய்கிட்டக் கொண்டு போவாங்க. மூக்குத்தியைக் காணோம். கன்னத்து மச்சத்தை அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சு விட்டிருக்கு அந்தக் கருமம். அது காணாம போன விவரத்தை மீட்கல, பார்த்துப் பழகுன ஆயிரக்கணக்கான மூஞ்சியை வச்சு ஒண்ணை இட்டுக்கட்டுது. யாரோ ஒரு பொம்பளைக்கு நாங்க மாலை போட்டுச் சூடம் காட்டணுமாம். இதுல நாலு பேர் "சூப்பர்"னு கட்டை விரல் வேற காட்டுறாங்க. பெரியப்பா படத்தைப் பார்த்துட்டு, "இது யாருப்பா?"ன்னார்.

கடைசியில நிபோங் திபால்ல, பெரியம்மாவோட பழைய தோட்டத்துக் கூட்டாளி வீட்டு ஆல்பத்துல ஒரு 4ஆர் படம் கிடைச்சுது. ஃபிலிம் கேமராவுல எடுத்துக் கழுவுனது. பெரியம்மா தனியா, பாதி சிரிப்போட. ஸ்டூடியோக்காரர் அதை அங்குலத்துக்கு 600 புள்ளி வச்சு ஸ்கேன் பண்ணினார். நாலுக்கு ஆறு அங்குலம், அப்போ 2400க்கு 3600. கேட்ட அளவு அச்சாக் கிடைச்சுது. ஆளாளுக்கு மூணு கேமரா வச்ச போன் வச்சிருக்கோம்! அந்த ஸ்கேனை எல்லாரும் பத்திரமா வச்சுக்கட்டும்னு டாக்குமெண்டா, அதாவது சுருங்காத கோப்பா, குழுவுல போட்டேன். கொஞ்ச நேரத்துல அது திரும்பி வருது, பேட்டரி 22 சதவீதத்தோட.

ஆல்பம்னதும் ஞாபகம் வருது. நம்ம ஊர் ஈரக் காத்துக்கு ஆல்பத்துப் படமெல்லாம் பூஞ்சை பிடிச்சுக்கிட்டு இருக்கு. அந்தப் பசை ஒட்டுற ஆல்பம் இன்னும் மோசம், படமும் பக்கமும் பிரியாது. அதைக் காப்பாத்துறேன்னு சில பேர், கண்ணாடிச் சட்டத்துல இருக்குற தாத்தா படத்தைச் சுவத்துல மாட்டுன வாக்குலேயே ஃபிளாஷ் அடிச்சு எடுக்குறாங்க. தாத்தா முகம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு வெள்ளை வட்டம், அதுக்குள்ள போனைத் தூக்கிப் பிடிச்ச பேரன் நிழல். ஆணியிலேருந்து கழட்டி, ஜன்னல் வெளிச்சத்துல மேசை மேல வச்சு, ஃபிளாஷை அணைச்சு, நேரா மேலிருந்து எடுக்க எவ்வளவு நேரமாகும்? முடிஞ்சா சட்டத்தையே கழட்டிட்டு எடுங்க. படம் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருந்தா மட்டும் பிய்க்காதீங்க.

"நான் எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்தி வச்சிருக்கேன், கவலையில்ல"ன்னு சொல்ற படிச்ச கூட்டமும் ஒண்ணு இருக்கு. ஓசியில கொடுத்த இடம் எத்தனை நாளைக்கு? ஃபோட்டோபக்கெட்னு படம் ஏத்தி வைக்கிற தளம் ஒண்ணு 2017ல, மத்த தளங்கள்ல படம் காட்டணும்னா வருஷத்துக்கு 399.99 டாலர் கட்டுன்னு சொல்லிடுச்சு. உலகம் முழுக்கப் பழைய பக்கங்கள்ல படம் இருந்த இடமெல்லாம் ஒரு அறிவிப்புப் பலகைதான் நின்னுச்சு. யாரோட கணக்குலயும் சேராம, யாரும் பார்க்காம கிடந்த பழைய படங்களை அழிக்கப் போறதா 2023ல இம்கர்ங்கிற இன்னொரு படத் தளம் அறிவிச்சுது. கூகுள் ஃபோட்டோஸ்ல கணக்கில்லாம ஓசியா ஏத்துற கதை 2021 ஜூன் 1ஆம் தேதியோட முடிஞ்சுது, இப்ப எல்லாம் அந்த 15 ஜிபிக்குள்ளதான். அவங்க வியாபாரம், அவங்க இஷ்டம். வேண்டாங்கல, ஏத்துங்க. ஆனா வீட்டுல ஒரு ஹார்ட் டிஸ்க்ல இன்னொரு நகல் வைங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. படம் எடுத்தவங்க, எடுத்த போன்லேருந்தே டாக்குமெண்டா அனுப்புங்க. அந்தப் பேப்பர் கிளிப் மாதிரி இருக்குற குறியை அமுக்குனா வரும். 2 ஜிபி வரைக்கும் போகும், ஒரு புள்ளி குறையாது, தேதியும் கூடவே வரும். அதுவும் முடியலன்னா 2023லேருந்து இருக்குற அந்த எச்.டி.ங்கிற கூடுதல் தெளிவு பொத்தானையாவது அமுக்குங்க. வாங்குறவங்க, தயவுசெஞ்சு, அப்படியே சேமிங்க. பக்கவாட்டுப் பட்டன் பக்கம் விரலைக் கொண்டு போகாதீங்க.

இதைக் குழுவுல தன்மையாத்தான் சொன்னேன். உடனே மாமா குரல் பதிவு போடுறார், "டாக்குமெண்டா அனுப்பினா படம் பெருசா தெரிய மாட்டேங்குதுப்பா, ஒரு தடவை தட்டித் திறக்க வேண்டியிருக்கு." தட்டுங்க மாமா! ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மிட்டாய் உடைக்கிற கேம்ல தட்டுற விரல்தானே அது, பெரியம்மா மூஞ்சியைப் பார்க்க ஒரு தட்டு தட்டுனா தேஞ்சா போயிடும்?